பெட்டி கைமாறும் இடம்

செக்-இன் கவுன்டரில் கொடுத்த பெட்டி, இறங்கிய ஊரின் பெல்ட்டில் வந்து சேர்வதற்குள் எத்தனை கைகளைத் தாண்டுகிறது? எந்த இடத்தில் தவறுகிறது? தவறினால் சட்டம் நமக்கு என்ன தருகிறது?

2022 ஜூலை 11 அன்று லண்டன் ஹீத்ரோவிலிருந்து அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு டெல்டா நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 விமானம் ஒன்று கிளம்பியது. பயணி என்று ஒருவர்கூட அதில் இல்லை. சுமார் ஆயிரம் பெட்டிகள் மட்டும் இருந்தன. பெட்டிக்காரர்கள் எல்லாம் முன்பே ஊர் போய்ச் சேர்ந்து, கட்டிய துணியோடு காத்திருந்தார்கள். கொரோனா முடக்கத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய விமான நிலையங்கள், கூட்டம் திரும்பியதும் பெட்டி தூக்க ஆளில்லாமல் திணறிய கோடைக்காலம் அது.

அப்படியொரு கோடை அடிக்கடி வருவதில்லை. ஆனால், எந்தக் குழப்பமும் இல்லாத ஆண்டிலும் பெட்டிகள் தவறத்தான் செய்கின்றன. விமானத் துறைக்குத் தகவல் தொழில்நுட்பச் சேவை தரும் ‘சீட்டா’ நிறுவனம் ஆண்டுதோறும் இதற்கொரு கணக்கு வெளியிடுகிறது. 2007-ல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் வழிதவறின, தாமதமாயின அல்லது உடைந்தன. 2024-ல் அது 6.3 ஆகக் குறைந்தது. கேட்க ஆறுதலாக இருந்தாலும், மொத்தமாகப் பார்த்தால் அந்த ஓராண்டில் மட்டும் 3 கோடியே 34 லட்சம் பெட்டிகள்! அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, 24 மணி நேரத்துக்குள் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டன.

பெட்டி வரவில்லை என்றதும், ‘எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்’ என்றுதான் நமக்குத் தோன்றும். திருட்டும் உண்டு. ஆனால் அது சிறு பங்கு. பெரும்பாலான பெட்டிகள் தவறுவது ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்கு மாறும்போதுதான். கொடுத்தவர் கணக்கில் ‘அனுப்பியாச்சு’ என்றிருக்கும். வாங்க வேண்டியவர் கணக்கில் ‘வரலை’ என்றிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு மூலையில் பெட்டி நின்றுகொண்டிருக்கும்.

பத்து இலக்கம்தான் முகவரி

இந்தச் சிக்கல் விமானத்தைவிட வயதில் மூத்தது. கனடாவின் மாங்க்டன் நகரைச் சேர்ந்த ஜான் மைக்கேல் லயன்ஸ், ரயில் பயணிகளின் சாமான்களுக்காக இரண்டாகப் பிரியும் சீட்டு ஒன்றுக்கு 1882-ல் காப்புரிமை பெற்றார். ஒரு பாதி பெட்டியில், மறுபாதி பயணி கையில். இன்று விமான நிலையக் கவுன்டரில் நம் பெட்டியின் கைப்பிடியில் சுற்றப்படும் நீளச் சீட்டு அதன் வாரிசுதான்.

அடுத்த முறை அந்த டேக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மதுரையிலிருந்து கொழும்பு வழியாக லண்டன் போகிறவரின் டேக்கில் இறுதி ஊரான லண்டன் ஹீத்ரோவின் குறியீடு எல்.எச்.ஆர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இடையில் மாற வேண்டிய கொழும்பு சி.எம்.பி என்று விமான எண்ணோடு தனியே இருக்கும். (மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம், திருச்சிக்கு டி.ஆர்.இசட், கோவைக்கு சி.ஜே.பி. சென்னைக்கு இன்னும் மெட்ராஸின் நினைவாக எம்.ஏ.ஏ.) உங்கள் பெயரும் அதில் இருக்கும். ஆனால் இயந்திரம் பெயரைப் படிப்பதில்லை. அதற்குத் தேவை பார்கோடும் அதன் கீழே உள்ள பத்து இலக்க எண்ணும்தான்.

அந்த எண்ணுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதல் இலக்கம் சீட்டின் வகை. வழக்கமான பெட்டி என்றால் 0. தவறிப்போய்ப் பின்னால் அவசரமாக அனுப்பப்படும் பெட்டி என்றால் 2. அடுத்த மூன்று இலக்கம் விமான நிறுவனம்: ஏர் இந்தியாவுக்கு 098, ஸ்ரீலங்கனுக்கு 603, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, எமிரேட்ஸுக்கு 176. கடைசி ஆறு இலக்கம் உங்கள் பெட்டிக்கே உரிய வரிசை எண். உங்கள் போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தரும் சின்னத் துண்டில் இருப்பதும் இதே எண்தான். ‘பெட்டியை நான் இவர்களிடம் ஒப்படைத்தேன்’ என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் முக்கியமான ஆதாரம் அது. நம்மில் பாதிப்பேர் அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் பாதுகாப்புச் சோதனைக்கே போகிறோம்.

ரப்பர் திரைக்கு அப்பால்

கவுன்டரில் எடை போட்டதும் பெட்டி ரப்பர் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. முன்பெல்லாம் வாசலிலேயே எக்ஸ்-ரே வரிசையில் நின்று, பெட்டிக்கு பிளாஸ்டிக் பட்டை போட்டு வாங்கிக்கொண்டுதான் கவுன்டருக்குப் போக வேண்டும். இப்போது பெரிய நிலையங்களில் அந்தச் சோதனை பெல்ட்டின் வழியிலேயே நடந்துவிடுகிறது. முதலில் கணினி படத்தைப் பார்க்கிறது. அதற்குச் சந்தேகம் வந்தால் திரைக்கு முன் உட்கார்ந்திருக்கும் ஊழியர் பார்க்கிறார். அவருக்கும் சந்தேகம் தீராவிட்டால் பெட்டி தனி வழியில் திரும்பி, திறந்து பார்க்கப்படுகிறது.

சோதனை முடிந்த பெட்டியைச் சுற்றிலும் லேசர் கண்கள் பார்கோடைத் தேடுகின்றன. டேக் கசங்கியிருந்தாலோ மடிந்திருந்தாலோ பெட்டி வரிசையிலிருந்து விலக்கப்படும்; ஓர் ஊழியர் அதைக் கையால் பதிவு செய்து அனுப்ப வேண்டும். போன பயணத்தின் ஸ்டிக்கரைக் கிழிக்காமல் விட்டிருந்தால் இயந்திரம் குழம்ப வாய்ப்பு அதிகம். துபாய் போன அடையாளம் பெட்டியில் இருப்பது சிலருக்குப் பெருமையாக இருக்கலாம். பெட்டிக்கு அது ஆபத்து.

இதுவரை எல்லாம் இயந்திரம். இதற்குப் பிறகு மனிதர்கள். சரிவில் இறங்கி வரும் பெட்டிகளை லோடர்கள் ஸ்கேன் செய்து, இழுவை வண்டியின் டிராலிகளில் அடுக்குகிறார்கள். அகலமான பெரிய விமானம் என்றால் பெட்டிகளை அலுமினியக் கன்டெய்னர்களில் அடைத்து, அந்தக் கன்டெய்னரையே வயிற்றில் ஏற்றிவிடலாம். நம் ஊர் நிலையங்களில் அதிகமாக வந்துபோவது ஏ320, போயிங் 737 போன்ற ஒடுக்கமான விமானங்கள். நம் நாட்டில் அவற்றில் பெட்டிகளைப் பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் ஏற்றுகிறார்கள்.

அந்த வேலையைப் பயணிகள் யாரும் பார்ப்பதில்லை. சாய்வான பெல்ட் வண்டி பெட்டியைச் சரக்கறையின் வாசல்வரை ஏற்றிவிடும். உள்ளே உயரம் சுமார் நான்கு அடி. நிமிர முடியாது. கட்டிலுக்கு அடியில் சாமான் தள்ளுவதைப் போல, லோடர் முட்டி போட்டு, குனிந்த முதுகோடு ஒவ்வொரு பெட்டியையும் இழுத்து, திருப்பி, உள்ளே தள்ளி அடுக்க வேண்டும். வெயிலில் நின்ற விமானத்தின் வயிறு சித்திரை மாதத்தில் எப்படிக் கொதிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நிரம்பிய விமானம் என்றால் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள். அடுத்த பயணத்துக்கு விமானம் கிளம்ப இருப்பதோ முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு.

இங்கேதான் கவுன்டரில் நாம் அதிகம் சண்டை போடும் விதியின் காரணம் இருக்கிறது. 23 கிலோவைத் தாண்டினால் பெட்டிக்கு ‘ஹெவி’ என்று அடையாளம் ஒட்டுகிறார்கள். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், கூடுதல் கட்டணம் தருகிறேன் என்றாலும் பொதுவாக ஏற்பதில்லை. இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார்கள். விமானம் தாங்காது என்பதற்காக அல்ல. முட்டி போட்டுத் தூக்குகிற மனிதரின் முதுகு தாங்காது என்பதற்காக.

அடுக்குவதிலும் கணக்கு உண்டு. முன் அறையில் எவ்வளவு, பின் அறையில் எவ்வளவு என்பது விமானத்தின் எடைச் சமநிலையைப் பொறுத்தது. லோடர் நினைத்த இடத்தில் போட முடியாது. தாளில் உள்ளபடிதான் போட வேண்டும். வெயில் கொளுத்தும் மதியத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால், அதே ஓடுபாதையிலிருந்து விமானம் தூக்கிக்கொண்டு எழும்பக்கூடிய எடையும் குறையும். பயணியை எளிதில் இறக்கிவிட முடியாது. எரிபொருளைக் குறைக்கவும் ஓர் எல்லை உண்டு. அப்போது பின்தங்குவது பெட்டிகள்தான். அவை அடுத்த விமானத்தில் வரும். ‘விமானத்தில் இடமில்லை, நாளைக்கு வரும்’ என்று கவுன்டரில் சொல்வதன் பொருள் பல நேரங்களில் இதுதான்.

இரண்டாவது விமானம்

ஒரே விமானத்தில் போய் இறங்கினால் பெட்டி தவறும் வாய்ப்பு மிகக் குறைவு. நடுவில் ஓர் ஊரில் மாறும்போதுதான் வினை. 2024-ல் தாமதமான பெட்டிகளில் 41 சதவிகிதம் இப்படி விமானம் மாற்றும்போது தவறியவை என்கிறது சீட்டாவின் கணக்கு.

ஒரு மணி நேர இடைவெளியில் பயணி ஓடிப்போய் அடுத்த விமானத்தைப் பிடித்துவிடலாம். பெட்டியோ முதல் விமானத்தின் வயிற்றிலிருந்து இறங்கி, டிராலி ஏறி, இன்னொரு டெர்மினலின் பெல்ட்டுக்குப் போய், பல நிலையங்களில் மறுபடியும் சோதனையாகி, சரியான சரிவில் விழுந்து, வேறொரு குழுவின் கையில் சேர வேண்டும். முதல் விமானம் அரை மணி தாமதமானால் பயணிக்கு அது படபடப்போடு போய்விடும். பெட்டிக்கு அடுத்த நாள் ஆகிவிடும்.

அப்படி நின்றுபோன பெட்டிக்கு ‘ரஷ்’ என்ற டேக் போட்டு, ஆள் இல்லாமலே அனுப்பி வைக்கிறார்கள். எந்தப் பெட்டி எங்கே கிடக்கிறது, எந்தப் பயணி எந்த ஊரில் தேடுகிறார் என்பதைப் பொருத்திப் பார்க்க ‘வேர்ல்டு டிரேசர்’ என்ற உலகளாவிய பதிவேடு இருக்கிறது. பெட்டியின் நிறம், வகை, சக்கரம் உண்டா என்பதையெல்லாம் கவுன்டரில் படம் காட்டிக் கேட்பது அதற்காகத்தான்.

கோடிகள் கொட்டியும் கவிழ்ந்த கதை

கைமாற்றமே வேண்டாம், எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிடுவோம் என்று துணிந்தது அமெரிக்காவின் டென்வர் நகரம். புதிய விமான நிலையத்தில் கணினி ஓட்டும் வண்டிகளே பெட்டிகளைச் சுமந்து ஓடும் என்றார்கள். 1994-ல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு வெள்ளோட்டம் காட்டினார்கள். வண்டிகள் முட்டிக்கொண்டன, பெட்டிகள் தூக்கி எறியப்பட்டு, பிளந்து, துணிமணிகள் சிதறின. பெட்டிப் பிரச்னையால் நிலையத்தின் திறப்பே 16 மாதங்கள் தள்ளிப்போய், 1995 பிப்ரவரியில்தான் நடந்தது. ஒரேயொரு நிறுவனத்தின் பகுதியில் மட்டும் அரைகுறையாக ஓடிய அந்த அமைப்பையும் 2005-ல் கைவிட்டார்கள்.

2008 மார்ச் 27 அன்று திறந்த ஹீத்ரோவின் ஐந்தாம் டெர்மினலும் தடுமாறியது. அங்கே இயந்திரம் மட்டும் காரணமல்ல. முதல் நாள் காலையில் ஊழியர்களுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. உள்ளே வந்தவர்களால் கணினிக்குள் நுழைய முடியவில்லை. பெட்டிகளை எடுக்க ஆளில்லாமல் பெல்ட்டுகள் நிரம்பி நின்றன. பத்தே நாள்களில் 500-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகின. 42,000 பெட்டிகள் உரியவரோடு பயணிக்கவில்லை. அவற்றில் ஒரு பகுதியைப் பிரித்து அனுப்புவதற்காக இத்தாலியின் மிலான் நகருக்கே கொண்டுபோனார்கள்.

இதற்கு நேர்மாறாக ஜப்பானின் கன்சாய் நிலையம் இருக்கிறது. 1994-ல் திறந்ததிலிருந்து தங்கள் ஊழியர்களின் தவறால் ஒரு பெட்டிகூடத் தொலைந்ததில்லை என்கிறது அது. மாயமந்திரம் எதுவும் இல்லை. வந்திறங்க வேண்டிய எண்ணிக்கையையும் வந்த எண்ணிக்கையையும் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சரிபார்க்கிறார்கள். ஒன்று குறைந்தாலும் உடனே தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பெல்ட்டில் வரும் பெட்டியின் கைப்பிடி பயணியைப் பார்த்திருக்கும்படி திருப்பி வைப்பதும் அவர்கள் வழக்கம். கைமாறும் இடத்தில் எண்ணிப் பார்க்கிற பழக்கம்தான் அங்கே வேலை செய்கிறது.

ஆள் ஏறாத பெட்டி

விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, ‘ஒரு பயணி வரவில்லை, அவருடைய பெட்டியை இறக்குகிறோம்’ என்று அறிவிப்பு வந்தால் நாம் சலித்துக்கொள்வோம். அந்தத் தாமதத்துக்குப் பின்னால் ரத்தக்கறை படிந்த வரலாறு இருக்கிறது. அதில் ஓர் அத்தியாயம் நம் மீனம்பாக்கத்தில் எழுதப்பட்டது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்துக்காகக் கொடுக்கப்பட்டு, கொடுத்தவர் ஏறாததால் இங்கேயே தங்கிவிட்ட பெட்டிகள் வெடித்தன. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் இலங்கைப் பயணிகள்.

அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். குண்டு இருந்த பெட்டி வான்கூவரில் ஏற்றப்பட்டு டொரன்டோவில் கைமாறியது. அதைக் கொடுத்த ஆள் எந்த விமானத்திலும் ஏறவில்லை. அதே சதியின் இன்னொரு பெட்டி, அதற்குச் சற்று முன்பு டோக்கியோவின் நரிட்டா நிலையத்தில் வேறொரு ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படும்போது வெடித்தது. பலியானவர்கள் இரண்டு பேர். இருவரும் பெட்டி சுமக்கும் ஊழியர்கள். 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் நடந்த பான் ஆம் விமான வெடிப்பும் ஆளில்லாத பெட்டியால்தான். இறந்தவர்கள் 270 பேர். சர்வதேச விமானங்களில், பெட்டியைக் கொடுத்தவர் தானாக ஏறாமல் விட்டால் அவர் பெட்டி பறக்கக் கூடாது என்ற விதி உலகம் முழுக்க இறுகியது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

தேங்காயும் நைலான் கயிறும்

பாதுகாப்பு விதிகளில் நம்மவர்களுக்கு அடிக்கடி வியப்பு தருவது கொப்பரை. காய்ந்த தேங்காயில் எண்ணெய்ச் சத்து அதிகம். அடைத்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் சர்வதேசப் பட்டியலில் அது இருக்கிறது. அதனால் செக்-இன் பெட்டியில் கொப்பரைக்கு அனுமதி இல்லை. பச்சைத் தேங்காய்க்குக் கையில் கொண்டுபோகத் தடை. சபரிமலை பக்தர்கள் இருமுடியிலிருந்து நெய்த்தேங்காயைப் பிரிக்க முடியாதே என்ற கோரிக்கை எழுந்ததால், 2024 அக்டோபரில் விமானப் பாதுகாப்புப் பணியகம் சிறப்புச் சலுகை தந்தது. சோதனைக்குப் பிறகு இருமுடியைக் கையிலேயே கொண்டுபோகலாம் என்ற அந்தச் சலுகை 2025 ஜனவரி 20 வரை இருந்தது.

பவர் பேங்க் விஷயத்தில் விதி தலைகீழ். அது கையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் போடக் கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்கறையின் தீயணைப்பு வாயுவால் அதை முழுதாக அடக்க முடியாது. பயணிகள் அறையில் என்றால் ஊழியர்கள் உடனே பார்த்துத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் அடையாளமே நைலான் கயிறு போட்டுக் குறுக்கும் நெடுக்கும் கட்டிய அட்டைப்பெட்டியும் போர்வை மூட்டையும்தான். அதற்கும் இப்போது கெடுபிடி. உருண்டையான பெட்டிகளும் தொங்கும் கயிறுகளும் பெல்ட்டில் சிக்கி, மொத்த அமைப்பையும் நிறுத்திவிடுகின்றன. ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத பெட்டியை ஏற்பதில்லை என்று துபாய் நிலையம் 2017 மார்ச்சில் விதி கொண்டுவந்தது. ஜெட்டாவில் கயிறு கட்டிய பெட்டிக்கும் துணி மூட்டைக்கும் தடை. உம்ரா போகிறவர்களும் வேலைக்குப் போனவர்களும் கிளம்பும் நேரத்தில் கவுன்டரில் இதைக் கேட்டுத் திகைத்து நிற்கிறார்கள்.

சட்டம் என்ன தருகிறது?

1929-ன் வார்சா ஒப்பந்தத்தில் தொலைந்த பெட்டிக்கு எடையைப் பார்த்துத்தான் இழப்பீடு. கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்கு. பட்டுப்புடவைக்கும் புளிக்கும் ஒரே விலை. அதை மாற்றியது 1999-ன் மான்ட்ரியல் ஒப்பந்தம். இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. இதன்படி சர்வதேசப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ, சேதமானாலோ, தாமதமானாலோ நிறுவனம் பொறுப்பு. பன்னாட்டு நிதியத்தின் எஸ்.டி.ஆர் என்ற கணக்கில், ஒரு பயணிக்கு 1,519 வரை இழப்பீடு கேட்கலாம். 2024 டிசம்பர் 28 முதல் நடப்பில் உள்ள இந்த வரம்பு, ஏறத்தாழ 2,000 டாலர். இது உச்சவரம்புதான். இழந்ததன் மதிப்பை நாம் காட்ட வேண்டும்.

உள்நாட்டுப் பயணம் என்றால் நிலைமை வேறு. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் பயணிகள் சாசனப்படி அதிகபட்சம் 20,000 ரூபாய்தான்.

சட்டத்தைவிடப் பலருக்குக் கைநழுவுவது கெடு. சேதம் என்றால் பெட்டி கையில் கிடைத்த 7 நாள்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாமதம் என்றால், பெட்டி கிடைத்த நாளிலிருந்து 21 நாள்களுக்குள். 21 நாள்களாகியும் வரவே இல்லை என்றால், தொலைந்ததாகவே கருதி இழப்பீடு கேட்கலாம். வழக்குப் போட இரண்டு ஆண்டுகள்.

பெட்டி வரவில்லையா? செய்ய வேண்டியவை:

• பெல்ட் நின்றதும் கிளம்பிவிடாதீர்கள். வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் லக்கேஜ் கவுன்டரில் பி.ஐ.ஆர் எனப்படும் புகார்ப் படிவத்தைப் பதிவு செய்யுங்கள். ஐந்து எழுத்தும் ஐந்து எண்ணும் கொண்ட குறிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

• படிவம் கொடுத்ததோடு நிற்காமல், அதே விவரத்தை நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கெடுவுக்குள் எழுத்தில் கேட்டதற்கு அது சாட்சி.

• டேக் துண்டு, போர்டிங் பாஸ், அவசரத்துக்கு வாங்கிய துணி, மருந்து ஆகியவற்றின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

• கிளம்பும் முன் பெட்டியை மூடியும் திறந்தும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய ஸ்டிக்கர்களைக் கிழித்துவிடுங்கள். பெட்டிக்கு உள்ளேயும் பெயர், தொலைபேசி எண் எழுதிய தாள் ஒன்று இருக்கட்டும்.

• நகை, பணம், பாஸ்போர்ட், சான்றிதழ், அன்றாட மருந்து எதுவும் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது. இவற்றுக்குப் பொறுப்பேற்பதில்லை என்று நிறுவனங்கள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன.

• பதில் வராவிட்டால் அமைச்சகத்தின் ‘ஏர் சேவா’ தளத்தில் புகார் செய்யலாம். அடுத்தது நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019-ன் சட்டம் இடம் தருகிறது.

பதிவு யாருக்குச் சொந்தம்?

2018 ஜூன் முதல் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ‘அயாட்டா’, தன் உறுப்பு நிறுவனங்களுக்கு 753 என்ற எண்ணுள்ள தீர்மானத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பயணியிடம் வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, மாற்றுப் பகுதியில் சேர்க்கும்போது, பயணியிடம் திருப்பித் தரும்போது என நான்கு இடங்களில் பெட்டியின் கைமாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதாவது, பெட்டி கடைசியாக யார் பொறுப்பில் இருந்தது என்ற தகவல் நிறுவனங்களிடம் இருந்தாக வேண்டும்.

அந்தத் தகவல் நமக்கு வருகிறதா? பெரும்பாலும் இல்லை. அதனால்தான் பயணிகள் பெட்டிக்குள் இருப்பிடம் காட்டும் ஏர்டேக் கருவியைப் போட்டு, தாங்களே வேவு பார்க்கத் தொடங்கினார்கள். ‘பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று கவுன்டர் சொல்லும். ‘அது இன்னும் துபாயில்தான் இருக்கிறது’ என்று பயணியின் செல்போன் சொல்லும். இந்த வெட்கக்கேட்டுக்குப் பிறகே, பயணி பகிரும் இருப்பிடத் தகவலை வாங்கிப் பயன்படுத்த நிறுவனங்கள் சில முன்வந்தன.

நம் அரசும் அவ்வப்போது சாட்டையை எடுக்கிறது. விமானத்தின் இன்ஜின் அணைந்த 10 நிமிடத்தில் முதல் பெட்டியும் 30 நிமிடத்துக்குள் கடைசிப் பெட்டியும் பெல்ட்டுக்கு வர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் ஏழு நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கூட்டம் கூட்டமாக ரத்தாகி, கொடுத்த பெட்டிகள் நிலையங்களில் தேங்கியபோது, 48 மணி நேரத்தில் அவற்றை உரியவர் வீட்டில் சேர்க்கச் சொன்னது அமைச்சகம். இரண்டுமே சரிதான். ஆனால் இவை குவிந்த பிறகு போடும் உத்தரவுகள்.

நிரந்தரமாகச் செய்ய வேண்டியவை மூன்று. நான்கு இடத்துப் பதிவையும் பயணியின் செல்போனுக்கே அனுப்பச் சொல்லி விதி வர வேண்டும். உணவு டெலிவரிக்கே அது சாத்தியமாகும்போது இதற்கும் சாத்தியம்தான். உள்நாட்டுப் பயணத்தின் 20,000 ரூபாய் வரம்பை, ஒரு சாதாரணக் குடும்பத்தின் கல்யாணப் பயணப் பெட்டியில் என்ன இருக்கும் என்று பார்த்து உயர்த்த வேண்டும். விமானத்தின் வயிற்றுக்குள் முட்டி போடும் லோடர்களை ஆள் குறைப்பில் முதலில் கைவைக்கும் கணக்காகப் பார்ப்பதை நிறுத்த வேண்டும். 2022 கோடையின் பாடமே அதுதான்.

அதுவரை பயணி செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெட்டி எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். கடைசியாக எந்த இடத்தில், எத்தனை மணிக்கு ஸ்கேன் ஆனது என்று கேளுங்கள். பதிவு வைத்திருக்கக் கடமைப்பட்ட நிறுவனம், அந்தக் கேள்விக்குத் ‘தெரியாது சார்’ என்று சொல்ல முடியாது.